ஆணியைத் திருப்பிக் கொட்டிய அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி,

இன்று காலையில் ஒரு கூத்து நடந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் சிமென்ட் குழைக்க டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். நான் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு விரலை அதில் முக்கி வாயில் வைத்துச் சப்பிப் பார்த்தேன். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்திருக்கலாம். எதிரே இன்ஜினியர் மேடம் நின்றிருந்தார். டைல்ஸ் போடுகிறவர்கள் நின்றிருந்தார்கள். மணல் சட்டியோடு வந்த சித்தாள் பெண்ணும் நின்றுவிட்டாள்.

"யக்கா, அதுல நான் இப்பத்தான் சோப்பு போட்டு கை கால் கயுவுனேன்" என்றாள் அவள்.

மேடம் சிரிக்கவில்லை. "உப்புக் கரிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல மேடம். வாசனையா கீது."

"தண்ணிய மாத்துங்க" என்று வேலையாட்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தபோது உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் மாடி எடுத்த சமயம், சிமென்ட் மூட்டைகளை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பின்னாலேயே சைக்கிளில் வந்தீர்களே. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டவுடன் நேரே டிரம்முக்குப் போய் விரலை விட்டு நாக்கில் வைத்தீர்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் கடல் தண்ணீருக்குத் தங்கச்சி. அதில் குழைத்த காங்கிரீட்டுக்குள் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகத் துருவாகி, ஒருநாள் தளமே பொரிந்து தலையில் கொட்டும். மேஸ்திரியைப் பார்த்து நீங்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "லாரித் தண்ணி வரட்டும்மா. பொறவு மூட்டயப் பிரிச்சிக்கிடலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்த மூட்டைகளின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள். லாரி வரும்வரை இறங்கவில்லை. கடைக்கு யாரோ கூப்பிட வந்தபோதும் இறங்கவில்லை.

"அண்ணாச்சி, கொலுவுல வெச்ச பொம்ம மாறியே கீறீங்க. சுண்டல் தரட்டா?" என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. நான் சொன்ன எதற்குத்தான் நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்?

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வாயால் சொல்வதுதான் எனக்கு வரும். ஆனால் சொல்ல வேண்டிய ஆள் கடை ஸ்டூலில் இல்லாததால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடை போர்டிலும் ஒரு பிழை இருந்தது. அதை நான் வெளியில் சொன்னதில்லை.

உங்கள் கடை எங்கள் தெருமுனையில் இருந்ததுதான் இந்தத் தெருவுக்குக் கிடைத்த பெரிய தைரியம். ஆணி, குழாய், ஒயர், பெயின்ட் என்று சகலமும் அங்கே. மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீசியன் எல்லாரும் அங்கேதான் வந்தாக வேண்டும். எவன் அளந்து வாங்குகிறான், எவன் குத்துமதிப்பாக வாங்குகிறான், எவன் நேற்று செய்ததைச் சரிக்கட்ட இன்று வியர்த்துக்கொண்டு ஓடி வருகிறான் என்பதெல்லாம் உங்கள் கண்ணுக்கு முன்னால் நடக்கும். ஆனால் நீங்கள் வாய் திறக்க முடியாது. ஒருவனைக் குறை சொன்னால் சாயங்காலத்துக்குள் அவன் காதுக்குப் போய்விடும், மறுநாள் அவன் அடுத்த கடையில் நிற்பான். ஒருவனைப் புகழ்ந்தாலோ மற்றவன் முகம் தொங்கிவிடும்.

அதற்கு நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். முதல் தடவை எனக்கு அது புரியவில்லை.

"அண்ணாச்சி, பாத்ரூம் பைப்புக்கு அந்த எர்ணாவூர் ஆள கூப்புடலாம்னு கீறேன். எப்படி அவரு?" என்று கேட்டேன்.

தராசில் ஆணி போட்டுக்கொண்டிருந்த உங்கள் கை நின்றது. தட்டில் இருந்த ஆணியை மொத்தமாக எடுத்து டப்பாவில் திருப்பிக் கொட்டினீர்கள். பிறகு முதலிலிருந்து போட ஆரம்பித்தீர்கள்.

"இன்னா அண்ணாச்சி, எடை மறந்துட்டீங்களா?" என்றேன். பக்கத்தில் நின்ற பெயின்டர் இருமினார். கடையை விட்டு இறங்கியதும் என் பின்னாலேயே வந்து, "யக்கா, அவரு கொட்டிட்டாரு. அந்தாள வெச்சிக்காத" என்றார்.

நல்ல ஆள் என்றால் உங்கள் கை நிற்காது. பேரைச் சொன்னாலும் ஆணி ஒரே சீராக விழுந்துகொண்டே இருக்கும். சரியில்லாத ஆள் என்றால் திருப்பிக் கொட்டுவீர்கள். யார் பேரும் கெடாது, கேட்டவள் வீடும் கெடாது. தெருவில் பாதிப் பேர் வீடு கட்டியது அந்தத் தட்டைப் பார்த்துத்தான்.

ஒரு நாள் கடையில் நல்ல கூட்டம். என் வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணாச்சி, இனிமே வெளியாளே வாணாம். எங்க வூட்டுக்காரரே ஆணி அடிக்கிறாரு, தாப்பா போடுறாரு. அவரு எப்படி?" என்று கேட்டேன். உங்கள் கை நின்றது. அவரை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தீர்கள். பிறகு மெல்ல, ஒரு ஆணி கூடச் சிந்தாமல், தட்டிலிருந்ததை டப்பாவில் கொட்டினீர்கள். கடையே சிரித்தது. அவரும்தான் சிரித்தார். உங்கள் மீசை மட்டும் ஒரு ஓரத்தில் லேசாக ஆடியது. அத்தனை வருஷத்தில் நீங்கள் அடித்த ஒரே ஜோக்கு அது என்று நேற்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்களைத் தூக்கும்போது தெரு முழுக்க மேஸ்திரிகள். நீங்கள் கொட்டியவர்கள், கொட்டாதவர்கள் எல்லாரும் ஒன்றாக நின்று அழுதார்கள். நீங்கள் வாயைத் திறந்து யாரையாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். நானும் ஒரு ஓரமாக நின்றேன். கிண்டல் பண்ண ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம்தான் எங்கள் மகள் தேவிக்குத் தலைச்சன் பிரசவம் நெருங்கியது. நம்ம தேவிதான், சின்ன வயசில் உங்கள் கடை வாசலில் பி.வி.சி. குழாயை ஊதிக்கொண்டு நிற்பாளே. வளைகாப்பு முடித்து அவளை இங்கே கூட்டிவர வேண்டும். டாக்டரம்மா படியேறி இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் கீழே இரண்டு சின்ன ரூம், நடுவில் ஒரு சுவர். மாடியில் முன்பக்கம் மொட்டை, பின்பக்கம் பாத்ரூமோடு ஒரு ரூம். கீழே நடுச்சுவரை எடுத்துவிட்டு ஒரே பெரிய ரூமாக்கி, பின்னால் ஒரு பாத்ரூமும் போட்டால் பிள்ளையும் தாயும் கீழேயே இருந்துகொள்ளலாம். அவ்வளவுதான் வேலை.

முதலில் வந்த மேஸ்திரி கீழே எதையும் பார்க்கவில்லை. நேரே மாடிக்குப் போனார். அங்கே சுவரைத் தட்டினார், இறங்கி வந்தார், மறுபடி ஏறினார். "இன்னா மேஸ்திரி, பரங்கிமலையா ஏறுற?" என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு அசைவில்லை. "இத்த அப்படியே எடுக்க முடியாதும்மா. இரும்பு பீம் போடணும். இன்ஜினியர் ஒருத்தர் பாத்து சொல்லணும்" என்றார். எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கிறது, இந்த ஆள் தினமும் வாசலில் நின்றால் எனக்கு மீன் வியாபாரம் படுத்துவிடும் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

இரண்டாவதாக வந்தவன் நான் சொன்ன எல்லாவற்றுக்கும் சிரித்தான். பரங்கிமலைக்குச் சிரித்தான். வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "சொம்மா பார்ட்டிசன் செவுருதான்க்கா இது. நாளைக்கே ஒடச்சிடலாம்" என்றான். நம் தெருவுக்குப் பின்தெருதான் அவனுக்கு. அவன் சம்சாரம் என்னிடம்தான் வறுத்த மீன் வாங்குவாள். என் வாழ்நாளில் நான் சொன்ன ஜோக்கு வீணாகாமல் போனது அன்றைக்குத்தான். வீட்டை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

நாளைக்கே என்றவன் வேறெங்கோ வேலை பிடித்துக்கொண்டு இழுத்தடித்தான். அதற்குள் தேவி வந்து இறங்கிவிட்டாள். அவளை மெதுவாக மாடி ரூமுக்கு ஏற்றி, இனி கீழ் வேலை முடிந்தபிறகு இறங்கினால் போதும் என்று உட்கார வைத்தோம். சாப்பாடு மேலேயே போனது. ஒரு வழியாக அவன் ஆட்களோடு வந்து சுவரை உடைக்க ஆரம்பித்தான்.

அன்று என் வீட்டுக்காரர் கண்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் வாசலில் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். பாதிச் சுவர் போயிருக்கும். ஒரு சத்தம் கேட்டது. சம்மட்டிச் சத்தம் இல்லை அது. யாரோ வெறும் கையால் மரக்கிளையை முறிக்கிற மாதிரி, ஒரே ஒரு தடவை. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். தளத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, நடுவிலிருந்து மூலைவரை ஓடியிருந்தது. காலையில் அது அங்கே இல்லை.

"இன்னா மேஸ்திரி இது?"

"பூச்சுக் கீறல்க்கா அது. ஒன்னியும் ஆவாது."

"மேல என் பொண்ணு கீது."

"இருக்கட்டும்க்கா. நான் கீறேன்ல" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது பிடிக்கவில்லை. கைகூடக் கழுவாமல் உங்கள் கடைக்கு நடந்தேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பழக்கம்தான். கல்லாவில் தம்பி, உங்கள் மகன்தான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தது. அந்த மேஸ்திரி பேரைச் சொல்லி, "ஆளு எப்படிப்பா?" என்று கேட்டுவிட்டு, தம்பியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்ல மனுஷன் ஆன்ட்டி. நம்ம கஸ்டமர்தான்" என்றது தம்பி.

கையில் போன் இருந்தது. தராசைத் தேடினேன். தராசு இல்லை. ஆணியெல்லாம் இப்போது பாக்கெட்டில் தொங்குகிறது, அண்ணாச்சி. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கம்பெனியிலேயே கட்டி வருகிறதாம். திருப்பிக் கொட்ட அங்கே ஒன்றுமே இல்லை. அந்தப் பாக்கெட்டுகளைப் பார்த்தபோதுதான் நீங்கள் போய்விட்டது எனக்கு உறைத்தது. தூக்கிய அன்றைக்குக்கூட அப்படி உறைக்கவில்லை.

என்ன கேட்பது என்று தெரியாமல், வாயில் வந்ததைக் கேட்டேன். "தம்பி, உங்க வூட்டு வேல செஞ்சது யாரு? அப்பா யார உள்ள வுட்டாரு?"

தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கியது. "ஒரு இன்ஜினியர் மேடம் ஆன்ட்டி. அப்பா அவங்கள தவிர வேற யாரையும் விடல. ஏன் ஆன்ட்டி, வீட்டுல என்ன ஆச்சு?"

சுவர் உடைக்கிறதையும் தளத்தில் கோடு விழுந்ததையும் சொன்னதும், தம்பியே மேடத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி என்னிடம் கொடுத்தது. நான் கதையை ஆரம்பிக்கப் போனேன். அந்தப் பக்கம் ஒரு வறண்ட குரல்.

"நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எடுக்கிற சுவருக்கு நேர் மேல மாடியில சுவர் இருக்கா?"

"கீது மேடம்."

"அந்தச் சுவர்ல கதவு இருக்கா?"

"கீது. ரூமு கதவு."

"அது சரியா மூடித் திறக்குதா?"

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"காலைல மூடிச்சி மேடம்."

"இப்ப போய்ப் பாருங்க. உடைக்கிறத உடனே நிறுத்தச் சொல்லுங்க. யாரும் எதையும் தட்டக் கூடாது. போனை அந்தத் தம்பிகிட்ட குடுங்க."

ஓடினேன். என் உடம்புக்கு அது ஓட்டமா என்று நீங்கள் கேட்கலாம். தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தரையும் நான் பார்க்கவில்லை. வாசலில் நின்று நிறுத்து என்று கத்திவிட்டு, வெளிப்படியில் ஏறி மொட்டைமாடிக்குப் போய்க் கதவைத் தள்ளினேன். நிலையோடு சேர்த்து ஆணி அடித்த மாதிரி அசையாமல் நின்றது. மேல் மூலையில் நிலை கதவைக் கடித்துப் பிடித்திருந்தது.

உள்ளேயிருந்து தேவியின் குரல். "அம்மா, இவ்வளவு நேரமா கூப்புடுறேன். வெளிய தாப்பா போட்டுட்டியா? சொம்மா வெளயாடாத. எனக்குக் கீழ போவணும்."

"வெளயாடல கண்ணு" என்றேன்.

நான் விளையாடாத ஒரு நாளை அவள் பார்த்ததில்லை.

பின்னாலேயே அந்தச் சிரிப்பு மேஸ்திரி சம்மட்டியோடு ஏறி வந்தான். "தள்ளுக்கா. ரெண்டு போடு போட்டா பேந்துகினு வந்துடும்."

கதவில் முதுகை வைத்துக் குறுக்கே நின்றேன். "என்னிய மொதல்ல போடு. அப்பால கதவப் போடு."

"யக்கா, உள்ள புள்ளத்தாச்சி பொண்ணு கீதுக்கா."

"அதுக்குத்தான் சொல்றேன். எறக்கு அத்த."

அவன் முகத்தைச் சிரிப்பில்லாமல் அப்போதுதான் பார்த்தேன். அவனும் பயந்திருந்தான். சம்மட்டியைக் கீழே வைக்கக்கூடப் பயந்து, சத்தம் வராமல் காலோரத்தில் சாய்த்து வைத்தான்.

உங்கள் மகனை நான் கிண்டல் செய்திருக்கிறேன், மன்னித்துவிடுங்கள், பவுடர் டப்பா என்று பேர்கூட வைத்திருந்தேன். அந்தத் தம்பிதான் சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுக்க வாடகைக்கு விடுகிற இரும்பு ஜாக்கிகளை மீன்பாடி வண்டியில் அள்ளிப் போட்டு, ஆள் தேடிக்கொண்டிருக்காமல் தானே மிதித்துக்கொண்டு வந்தது. மேடம் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். கீழே தளத்தைப் பார்த்தார். மேலே என்னைப் பார்த்து, "உள்ள இருக்கிறவங்க பின்சுவர் ஓரமா உக்காரட்டும். நடக்க வேணாம். நீங்க அவங்ககிட்ட பேசிக்கிட்டே இருங்க" என்றார்.

பேசுவதற்கு எனக்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை, அண்ணாச்சி. கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன். கீழே ஜாக்கியை நிறுத்தும் சத்தம், பலகை வைக்கும் சத்தம், இடையில் மேடத்தின் குரல்: "மெதுவா. இன்னும் மெதுவா." என் காலடியில் தளம் இருக்கிறதா என்று நான் உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஏதாச்சும் பேசேன்" என்றாள் தேவி. "உள்ள பையன் ஒதைக்கிறான்."

"பையன்னு யாரு சொன்னா?"

"பொண்ணா இருந்தா உன்ன மாதிரி கத்தியிருக்கும்."

அப்போதுதான் நீங்கள் அவள் அப்பாவுக்காக ஆணியைக் கொட்டிய கதையைச் சொன்னேன். அவள் அதை நூறு தடவை கேட்டிருக்கிறாள். இருந்தாலும், "அப்பா அப்பகூட சிரிச்சாரா?" என்று புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டாள். "சிரிச்சாரு. அவருக்கு வெவரம் போதாது" என்றேன். உள்ளே ஒரு சின்னச் சிரிப்பு. அதன் பாதியில் அழுகை வந்துவிட்டது. நான் கதவில் கையை வைத்துக்கொண்டேன். அவள் பின்சுவர் ஓரத்தில் இருந்தாள். கை எட்டாது என்று தெரியும்.

கீழே ஜாக்கியின் திருகை ஏற்றினார்கள். கிர்ர் என்று ஒரு சுற்று. நிறுத்தம். மேடம் ஏதோ பார்ப்பார். மறுபடி கிர்ர். என் முதுகுக்குப் பின்னால் கதவு முனகியது. எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னொரு சுற்று. டக் என்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் விழவில்லை. முதுகில் காற்று பட்டது. கதவு தானாகவே ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

"இப்ப மெதுவா தள்ளுங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

தேவி எழுந்து வந்தாள். அவளைப் படியில் இறக்கி, எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தபிறகுதான் என் கையில் இன்னும் மீன் மசாலா காய்ந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அவள் சேலையெல்லாம் மிளகாய்த்தூள். "எரியுதும்மா" என்றாள். அப்போதுதான் நான் அழுதேன்.

உங்கள் மகனின் வெள்ளைச் சட்டை துருவும் சுண்ணாம்புமாக இருந்தது. இனிமேல் பவுடர் டப்பா என்று கூப்பிட மாட்டேன். வேறு பேர் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாடிச்சுவர் அந்த நடுச்சுவரின் தலையில்தான் உட்கார்ந்திருந்ததாம். சாயங்காலம்வரை உடைத்திருந்தால் என்று ஆரம்பித்தார் மேடம். தேவியைப் பார்த்துவிட்டு, வாக்கியத்தை முடிக்காமல் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த முதல் மேஸ்திரியை, நான் எழவு முகம் என்று அனுப்பினவரை, மேடமே கூப்பிட்டனுப்பினார். இரண்டு பேரும் முன்பே சேர்ந்து வேலை செய்தவர்களாம். இப்போது நடுவில் இரும்பு பீம் ஏறிவிட்டது. தேவி கீழே பெரிய ரூமில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். பின்னால் பாத்ரூம் வேலை மட்டும் பாக்கி. வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு பேர் சிரிக்காமல் நடமாடுகிறார்கள். எனக்கு அது மருந்து மாதிரி இருக்கிறது.

"அண்ணாச்சி உங்ககிட்டயாவது சிரிச்சாரா மேடம்?" என்று கேட்டேன்.

"இல்லையே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் சிரிக்கலன்னு நினைக்கிறேன்" என்றார்.

நீங்களும் அவரும் உங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் உம்மென்று நாள் முழுக்க நின்றிருப்பீர்கள். அதை நினைத்து நான் தனியாகச் சிரித்தேன்.

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. இப்படி ஒருத்தர் இருக்கிறார் என்று ஒரு நாளாவது சொன்னீர்களா? அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் ஒரு பேரைக் கொண்டுவந்து, இவன் சரியா என்றுதான் கேட்டிருக்கிறேன். நீங்கள் யாரை வைத்துக்கொண்டீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள். ஆணி ஒரே சீராக விழுந்துகொண்டிருந்திருக்கும்.

உங்கள் வழியை நானும் ஒரு நாள் பிடித்துப் பார்த்தேன். எதிர்வீட்டு பாக்கியம் மாடி எடுக்கப் போகிறாள். என் மீன் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தச் சிரிப்பு மேஸ்திரியின் பேரைச் சொல்லி, எப்படி என்று கேட்டாள். அவன் சம்சாரம் பக்கத்திலேயே மீனுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள். நான் தட்டில் எடுத்து வைத்த மீனை மறுபடி எண்ணெயில் போட்டேன். பாக்கியம் பார்த்தாள். "ஆமாக்கா, நல்லா முறுவலாவே குடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு உங்கள் அளவுக்குப் பொறுமை கிடையாது. அவள் வீட்டுக்கே போய், முதலில் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்கிற ஆளாகப் பார்த்து வை என்று வாயாலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

மேடம் கேட்ட கேள்வி மட்டும் என்னை விடவில்லை. தினமும் காலையில் மாடிக்குப் போய் அந்தக் கதவை மூடித் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். மேடமே போதும் என்றுவிட்டார். எனக்குப் போதவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வேலையாட்கள் இல்லை. கதவில் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. இதற்கெல்லாமா ஆள் கூப்பிடுவது என்று என் வீட்டுக்காரர் புதிதாக ஒன்று வாங்கி வந்து, தன் கையாலேயே காலையில் மாட்டினார். அவர் டியூட்டிக்குக் கிளம்பிய பிறகு நான் மேலே போய், ரூமுக்குள் நின்று கதவை மூடினேன். மூடிய வேகத்தில் வெளியே தாழ்ப்பாள் தானாக விழுந்து மாட்டிக்கொண்டது. அதைத் தலைகீழாக வைத்து முடுக்கியிருந்தார்.

கத்தினால் தெருவே வரும். இந்தத் தெருவில் நான் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. அதனால் கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, படியேறக் கூடாத தேவி கீழ்ப்படியில் நின்று மேலே பார்த்துக் கேட்டாள்.

"கதவு சரியா மூடுதாம்மா?"

"நல்லா மூடுது" என்றேன்.

அவர் டியூட்டி முடிந்து சாயங்காலம் வந்து திறந்துவிட்டார். வாசலில் மசாலா தடவி வைத்திருந்த வஞ்சிரத்தில் தலையை மட்டும் பூனை மிச்சம் வைத்திருந்தது.